சைக்கிளைப் பற்றி மட்டும் பேசியவர்

ஜேர்மனியில், பீலெஃபெல்டில் எங்கள் தமிழ் முதியோர் சந்திப்பில் ஒருநாள் அயர்லாந்துப் போராளிகளின் படம் ஒன்று போட்டார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்தவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. மெலிந்த மனிதர். சங்கிலியில் சிக்காமல் இருக்க வலது காற்சட்டைக் காலில் சைக்கிள் கிளிப் மாட்டியிருந்தார். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவராம்.

படத்தில் போராளிகள் சைக்கிளில் வரும்போதெல்லாம் அவர் தொடையில் தட்டினார்.

"பிழை! இந்த மாதிரி பிறேக் அந்தக் காலத்தில இல்லை."

முன்வரிசை அக்கா திரும்பிப் பார்த்தார். "அண்ணை, அங்க உயிர் போகுது. நீங்கள் பிறேக்கைப் பாக்கிறியளோ?"

"பிறேக்கிலயே பொய் சொல்லுறவன் மிச்சத்தை எப்பிடிச் சரியாச் சொல்லுவான்?"

பிறகு, காட்டிக்கொடுத்தான் என்று ஒரு பொடியனை அவனுடைய சிநேகிதனே சுட்டான். பொடியனின் சைக்கிளும் அவனோடு விழுந்தது. இவர் ஓங்கிய கை தொடைக்கு மேலேயே நின்றுவிட்டது.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு பிள்ளை போனான். அது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் வாயே திறக்காத நான், வாசலில் கோட்டுப் போடும்போது அவரிடம் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, அந்தப் பொடியனைச் சுட்டது சரியோ?"

அவர் குனிந்து கிளிப்பைக் கழற்றினார். திரும்பவும் மாட்டினார்.

"அந்தச் சைக்கிளும் பிழைதான், தங்கச்சி. அந்த இடத்தில தட்ட ஏலாமப் போச்சு."

வெளியே அவருடைய சைக்கிள் எது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கிளிப்போடு பஸ்ஸில் ஏறிப் போனார்.