கால் வழியாக ஏறிய உப்பு

இரண்டு தும்மல் சேர்ந்து வந்தால் உயில் எழுத உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். இந்த வீரம் நாலாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அம்மா கருவாடு போட்டு விற்றாள். ஒரு மாசி மாதம் அவள் கால் இரண்டும் வீங்கின. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. அம்மா இல்லாத பிள்ளையாக அன்றே அழுது பழகினேன்.

அத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். எல்லாம் பார்த்துவிட்டு நர்சம்மா தணிந்த குரலில் சொன்னார்: "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. மாதவிலக்கு நிக்கிற வயசு, ஒடம்புல தண்ணி கோத்துக்கும். நாள் பூரா நின்னுகினே இருக்காத. காலத் தூக்கி வெச்சு உக்காரு."

"நான் உக்காந்துகினா கருவாட்ட எவ விப்பா?" என்றாள் அம்மா.

இதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் அவர் உரக்கச் சொன்ன "உப்பக் கொற!" மட்டும் விளங்கியது.

எங்கள் வீட்டில் உப்பு மூட்டையாக இருந்தது. மணலில் காய்ந்த வாளை மீனெல்லாம் உப்பு. அதற்கு நடுவில்தான் அம்மா வெறுங்காலோடு நடப்பாள். கால் வழியாகத்தான் ஏறுகிறது என்று துப்பறிந்தேன். மறுநாள் அவள் சந்தைக்குப் போனதும், பாதி காய்ந்த கருவாடு அத்தனையையும் அடிபம்புக்கு இழுத்துப்போய், அரிசி களைவதுபோல மூன்று தண்ணீர் விட்டு அலசினேன்.

"அடப்பாவி, இன்னாடா பண்ணி வெச்சிகீற?" அத்தை விளக்குமாற்றோடு வந்தாள்.

"உப்ப எடுத்துட்டேன் அத்த. இனிமே அம்மா சாவாது."

சந்தையிலிருந்து திரும்பிய அம்மா அதைக் கேட்டுவிட்டாள். சிரித்தாள், சிரிப்பு நடுவழியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

"வுடுடி, அடிக்காத. டாக்டரு வைத்தியம் பாத்துகீறாரு."

ஊறிய கருவாட்டை அன்றைக்கே குழம்பு வைத்துக் குப்பமே தின்றது. விற்கச் சரக்கில்லை. அடுத்த மீன் காயும்வரை நாலு நாள், கவிழ்த்த கூடைமேல் காலை நீட்டி அம்மா உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்தது.

என் வைத்தியம்தான் என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தேன். அம்மாகூட மறுக்கவில்லை. அவள் நாலு நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்பது மட்டும் அந்த டாக்டருக்கு உறைக்கவே இல்லை.