மூக்கால் முடிக்க வேண்டிய சொல்

டில்லியில் குளிர்காலத்துப் புகை அடிக்கும். வாசனை அடிக்கிற மாதிரி இல்லை, ஆள் அடிக்கிற மாதிரி. ஆபீஸ் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் அடி கண்ணில். அடுத்தது தொண்டையில். கரோல் பாக் சந்துக்குள் நடந்து வீட்டு வாசலைத் தொடுவதற்குள் நெஞ்சில் ஒரு குத்து விழுந்திருக்கும். காறித் துப்பினால் கறுப்பாக வரும்.

எழுபதுகளின் கடைசி அது. நான் பத்தாவது வரை படித்தவன், திருச்செந்தூர்ப் பக்கம். சர்க்கார் ஆபீசில் தபால் பிரிவில் வேலை. மூன்று தட்டு வீட்டின் மொட்டைமாடியில் ஒரே ஓர் அறையும் தகரக் கூரை போட்ட அடுப்படியும் வாடகைக்கு எடுத்திருந்தேன். டில்லியில் அதைப் பர்சாத்தி என்பார்கள். நான், என் மனைவி, ஆறு வயது மகள்.

தீபாவளி கழிந்தால் மகளுக்கு இழுப்பு தொடங்கிவிடும். மாசி வரை விடாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கழுத்துக்குழி பள்ளமாகும். விலா எலும்பு ஒவ்வொன்றும் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். யாரோ அவள் நெஞ்சின் மேல் உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி இருக்கும். ஆளைத்தான் பார்க்க முடியாது. நான் முருகனைக் கூப்பிடுவேன். வேறு யாரைக் கூப்பிட எனக்குத் தெரியும்?

எங்களுக்கு நேர் கீழே ஒரு பஞ்சாபி அம்மாவும் அவருடைய மகனும் குடியிருந்தார்கள். அம்மா பிரிவினையில் லாகூர்ப் பக்கமிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர். மகன் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான், என்னைப் போல் ஒன்றரை ஆள் இருப்பான். மாலையானால் அங்கீட்டி பற்ற வைப்பார்கள். அது இரும்பு வாளிக்குள் மண் பூசிச் செய்த கரியடுப்பு. வீட்டுக்கு வெளியே பற்ற வைத்து, புகை அடங்கிக் கரி சிவந்த பிறகு உள்ளே தூக்கிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் அவர்களுக்கு வெளியே என்றால் மாடிப்படித் திருப்பம். அந்தப் படிக்கட்டு நேராக எங்கள் கதவில் வந்து முடியும். கரி சீக்கிரம் பிடிக்கட்டும் என்று மகன் கடையிலிருந்து கிழிந்த ட்யூப் துண்டுகள் வேறு கொண்டுவந்து கொடுப்பான். ரப்பர் புகை தெரியுமல்லவா, எண்ணெய் மாதிரி ஒட்டும். என் மனைவி கதவிடுக்கில் ஈரத்துணி சொருகி வைப்பாள். காலையில் எடுத்தால் கரித்துணி. மாடியில் வைத்த துளசி இலை இலையாகக் கறுத்துக் கருகியே போயிற்று.

எனக்கு வாய்த்த இந்தி பஸ்ஸிலும் காய்கறி வண்டிக்காரனிடமும் பொறுக்கியது. அதில் துவா என்றால் புகை. அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த அம்மா அங்கீட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டே, படியேறும் என் மகளைப் பார்த்துச் சிரித்து, "மைன் தேரே லியே துவா கர்தீ ஹூன், பேட்டீ" என்பார். உனக்காகப் புகை போடுகிறேன், மகளே! எனக்கு ரத்தம் கொதிக்கும்.

"பாத்தியளா, சிரிச்சுக்கிட்டே சொல்லுதா" என்பாள் மனைவி. "புள்ள மூச்சுக்குத் தவிக்கு. இவளுக்கு நையாண்டி."

"சும்மா இரு. முருகன் பாத்துக்கிடுவான்."

"முருகன் பாக்கட்டும். நீங்க எப்பம் பாக்கப் போறிய?"

அன்று வெள்ளிக்கிழமை. பூஜைக்குச் சாம்பிராணி வாங்கிக்கொண்டு வந்தேன். மூடுபனி புகையை மேலே போக விடாமல் அமுக்கி வைத்திருந்தது. படிக்கட்டில் என் கையே எனக்குத் தெரியவில்லை. மேலே மகளின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. மனைவியின் குரல், "ஏங்க, வந்துட்டியளா! ஓடி வாங்க, புள்ளைக்கு உதடு நீலம் பாயுது!"

திருப்பத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மேலே கை காட்டி, "துவா கர் ரஹீ ஹூன், பேட்டா" என்றார்.

அங்கீட்டியை ஓங்கி உதைத்தேன். அது கவிழ்ந்து படிப்படியாக மோதி உருண்டது. நெருப்புக் கரி நாலா பக்கமும் தெறித்தது. "பந்த் கரோ! தும்ஹாரா துவா மேரி பேட்டீ கோ மார் ரஹா ஹை!" உங்கள் புகை என் பெண்ணைக் கொல்கிறது, நிறுத்துங்கள் என்று நான் கத்தியதாக என் நினைப்பு.

அந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மகன் கையில் கரி இடுக்கியோடு வெளியே பாய்ந்தான். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில், பல் உடைந்தது. என் கையிலிருந்த டிபன் கேரியரால் அவன் நெற்றியில் போட்டேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "மத்ராஸி! மேரி மா கீ துவா மார்தீ ஹை? போல்! ஃபிர் போல்!" என் அம்மாவின் துவா கொல்கிறதா, எங்கே, இன்னொரு தடவை சொல் என்று என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அறைந்தான். அவன் கட்டைவிரல் தொண்டையில் இறங்கியது. காற்றுக்கு வாய் திறந்தேன், காற்று வரவில்லை. மகளுக்குத் தினமும் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

"அங்கிள்."

மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியின் உச்சியில் நின்றாள். "துவா நஹீன். பாபா கோ... போல்னா நஹீன் ஆதா." துவா இல்லை, அப்பாவுக்குச் சொல்லத் தெரியாது என்கிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இழுப்பு. "துஆங். அங்கிள், துஆங்."

டில்லியில் பிறந்த பிள்ளை. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. புகைக்கு உண்டான சொல்லை மூச்சை முட்டித் தள்ளித் தொடங்கி மூக்கால் முடிக்க வேண்டும். அந்த மூச்சும் மூக்கும் இல்லாவிட்டால் அது பிரார்த்தனை. அந்த அம்மா இத்தனை நாளும் என் மகளுக்காகப் பிரார்த்தனை செய்ததாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பிரார்த்தனை பெண்ணைக் கொல்கிறது என்று நான் அவர் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறேன். மூச்சே இல்லாத பிள்ளை அந்தச் சொல்லுக்கு வேண்டிய மூச்சை எங்கிருந்தோ பிடுங்கிக் கொடுத்துவிட்டு, அப்படியே சரிந்தாள்.

கழுத்திலிருந்து கை விலகியது. அவன் மேலே ஓடி அவளை வாரிக்கொண்டு, சிதறிக் கிடந்த கரியின் மேல் வெறுங்காலோடு இறங்கினான். தோல் பொசுங்கிய நாற்றம் எனக்கு வந்தது. அவன் நிற்கவில்லை. ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து மகளை மடியில் அணைத்துக்கொண்டேன். "ஜல்தி, பையா, ஜல்தி", சீக்கிரம் அண்ணா சீக்கிரம், என்பதைத் தவிர எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு, மூவரில் யார் நோயாளி என்று கேட்டாள். மகளுக்கு ஊசி போட்டு, முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். உதட்டில் சிவப்பு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. நான் கந்தனைத் தவிர வேறு ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்தில் அவன், நெற்றியில் தையல், இரண்டு காலிலும் கட்டு.

"பாயி சாப், டப்பாவில் என்ன இருந்தது?" என்றான் இந்தியில்.

"காலி டப்பா."

"காலிக்கே இப்படியா! நல்ல வேளை, சாம்பார் இல்லை."

உடைந்த பல்லோடு சிரித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

டாக்டர் வீட்டில் என்னென்ன புகை என்று விசாரித்தார். பின்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்த மனைவி அங்கீட்டி, ரப்பர் எல்லாம் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் உண்டு" என்றாள். அதுவும் புகைதான், நிறுத்துங்கள் என்றார் அவர். வாங்கின பொட்டலம் சட்டைப்பையிலேயே இருந்தது. அங்கேயே குப்பைக் கூடையில் போட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முருகனுக்கு விளக்கு மட்டும்தான்.

மகள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அன்று மாலை அந்த அம்மா ஒடுக்கு விழுந்த அங்கீட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். ரப்பர் இல்லை. கரி பிடித்ததும் மாடியை அண்ணாந்து பார்த்து, "பேட்டீ, துஆங் ஆ ரஹா ஹை?" என்று கத்தினார். புகை வருகிறதா?

மகள் கைப்பிடிச் சுவரில் முகம் வைத்துப் பார்த்தாள். சந்து முழுக்க வாசலுக்கு வாசல் அங்கீட்டி. ஊர்ப் புகை மொத்தமும் பனிக்கு அடியில் கிடந்து எங்கள் மாடி மேல் ஏறிக்கொண்டிருந்தது. யாரை, எந்த டிபன் கேரியரால் அடிப்பது?

"ஆ ரஹா ஹை, தாதி" என்றாள், இருமிக்கொண்டே. வருகிறது, பாட்டி.

அந்த அம்மா எரியும் அடுப்பைக் கைப்பிடியில் தூக்கினார். தள்ளாடித் தள்ளாடி நடந்து நாலு வீடு தாண்டி ஒரு வாசலில் வைத்தார். அந்த வீட்டுக் கதவு திறந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வெளியே வந்து, அவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினாள்.