எனக்கும் துடக்கு

நயினாதீவு அம்மாளின் அடியவர்களுக்கு வணக்கம். நான் கரம்பொனில் தோட்டம் செய்கிறவன். அதிகம் படிக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

போன ஆனி மாதம் ஐயா செத்தார். மகனாகக் கொள்ளிச் சட்டியைத் தூக்கக் குனிந்தேன். பெரியப்பாவின் மகன் கையைப் பிடித்தார்.

"விடடா. நீ எடுத்து வளர்த்த பிள்ளை. உனக்கென்ன துடக்கு, சாவுத் தீட்டு? நாளைக்கே கோயிலுக்குப் போகலாம்."

முப்பத்தைந்து வயதில் ஊர்ச்சனத்துக்கு முன்னால் அப்படித்தான் அறிந்தேன். அவரே கொள்ளி வைத்தார். நான் சுடலையில் தூர நின்றேன்.

பிறகு அம்மாவோடு பேசவில்லை. முப்பத்தோராம் நாள் ஐயாவின் அந்தியேட்டி முடிந்த அன்று அம்மாவே வாய் திறந்தார்.

"உன்னைப் பெத்தவ நெடுந்தீவிலை இருக்கிறா. புருசன் கடலோடை போயிட்டார். நீ கைக்குழந்தை. அவவாலை பாக்க ஏலேல்லை. சொன்னா நீ போயிடுவாய் எண்டு பயந்திட்டனடா."

வெள்ளிக்கிழமை நயினாதீவுக் கோயிலுக்குப் போனேன். அம்மாளின் முன்னால் நின்று அழுதேன். நான் ஆருடைய பிள்ளை, காட்டு என்று கேட்டேன்.

அதன் பிறகு காற்றுக் கடுமை. சில நாள் நெடுந்தீவுப் படகு ஓடவில்லை. ஓடிய முதல் நாளே போனேன். விசாரித்துப் போன வீட்டின் கல்வேலியில் சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

"நீர் ஆர்?" என்று ஒரு பெண் கேட்டார். பெற்றவரின் மகள், என் அக்கா. சொன்னேன். பாய் விரித்து இருக்கச் சொன்னார்.

"அம்மா இந்தக் காத்துக்குள்ளை செத்துப்போனா. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகில்லை."

பால் இல்லாத வெறுந்தேத்தண்ணி தந்தார்.

"மாடு வைச்சிருந்தும் அம்மா பால் குடிக்கிறேல்லை. ஏனெண்டு கேட்டாச் சொல்லமாட்டா. உன்னைக் குடுத்த நாளிலை இருந்தாம். சாகேக்கை தான் சொன்னவ."

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பினேன்.

"எங்கை போறாய்?"

"அம்மாளிட்டை."

"கோயிலுக்குப் போகேலாது. உனக்கும் துடக்கடா. முப்பத்தொண்டு நாள் முடியட்டும்."

அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தது. அவர் கோயிலுக்கு வெளிக்கிடவில்லை.

"நீங்கள் போகலாம் தானே அம்மா?"

"அவவின்ரை பிள்ளையைத் தானே நான் வளர்த்தனான். எனக்கும் துடக்கு இருக்கட்டும்."

துடக்குக் கழிந்ததும் இருவரும் நயினாதீவுக்குப் போனோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் அக்கா போத்தலோடு நின்றார். பெற்றவரின் மாட்டுப் பால். அம்மா தன் கையால் வாங்கி அபிஷேகத்துக்குக் கொடுத்தார்.

பெற்றவரை நான் உயிரோடு காணவில்லை. அந்த நோவு போகாது. ஆனால் நான் கேட்டதை அம்மாள் காட்டினாள். ஒரு மாதம் தன் வாசலுக்கு வராமல் நிறுத்தித்தான் காட்டினாள்.

இப்போது மாதத்தில் ஒருமுறை நானும் அம்மாவும் அக்காவிடம் போய்வருகிறோம். மனத்தில் பாரம் உள்ளவர்கள் அவளிடம் கேளுங்கள். கேட்டபடி தராவிட்டாலும், வெறுங்கையோடு விடமாட்டாள்.