எண்பது சென்ட் புல்

உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்றைப் பார்த்து வரக் கோயமுத்தூர் போகிறோம் என்று சொன்னதும், என் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, புல்லு வெட்டறதுக்குக் காரா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் புல்லை ஆடு தின்னும், மாடு தின்னும், மிஞ்சியதை வெயில் தின்னும். புல்லுக்காக யாரும் கடைக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. நானோ முப்பது வருடம் பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவன். மெஷின் என்றால் எனக்கு மரியாதை உண்டு, வேடிக்கைக்கு மெஷின் வாங்குகிறவர்கள் மேல் கிடையாது. ஆனால் கூப்பிட்டது தம்பி. அவன் கூப்பிட்டு நான் வரவில்லை என்று சொன்னதில்லை.

புல் முளைத்திருந்தது எங்கள் களத்தில். கிழக்கே என் வீடு, மேற்கே தம்பி வீடு, நடுவில் களம். தேங்காயை உடைத்துக் கொப்பரை காயப்போடுவதற்காக அப்பா ஒதுக்கிய மண் களம் அது. அப்பா இருக்கும்போதே எங்களுக்குப் பாகம் பிரித்தார்கள். தோப்பை வரிசை வரிசையாக அளந்தார்கள், கிணற்றுக்கு முறை போட்டார்கள். களத்துக்கு வந்ததும் டேப்பைச் சுருட்டிவிட்டார்கள். "இது பொதுவுல கெடக்கட்டும். ரெண்டு பேரும் காயப்போடோணுமல்ல" என்றார் பேச வந்திருந்த பங்காளி ஒருவர். பத்திரத்திலும் அப்படியே எழுதினார்கள். தோப்புக்கு நடுவில் வேலி வந்தது, களத்துக்கு நடுவில் ஒரு கல்லைக்கூட யாரும் நடவில்லை.

அந்தக் களத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குப் பேனா நிற்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காக்காய் ஓட்டுவது எங்கள் வேலை. தம்பிக்கு ஒரு மூலை, எனக்கு ஒரு மூலை. காக்காய் தின்றதைவிடத் தம்பி தின்றது அதிகம். என் சட்டையிலும் புத்தகத்திலும் கொப்பரை வாசம் அடிக்கும், வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். பிறகு எங்கள் இரண்டு பேர் கல்யாணத்துக்கும் அங்கேதான் பந்தல் போட்டார்கள். என் மகளும் தம்பி மகனும் ஒரே சைக்கிளில் அங்கேதான் விழுந்து எழுந்தார்கள்.

எல்லாவற்றையும்விட மழைதான் நினைவுக்கு வருகிறது. பாலக்காட்டுப் பக்கம் மேகம் கறுத்தால் போதும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இரண்டு வீட்டுச் சமையலறையிலிருந்தும் ஆள் ஓடிவரும். எது யாருடைய கொப்பரை என்று பார்க்க நேரமிருக்காது. கைக்கு அகப்பட்டதைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, நாலு மூலையிலும் கல் வைத்து நிமிர்வதற்குள் முதல் தூறல் முதுகில் விழும். அப்புறம் எல்லாரும் எந்த வீடு பக்கமோ அந்த வீட்டுக்குள் நுழைந்து காப்பி குடிப்போம். அந்த ஓட்டத்துக்கும் அந்தக் காப்பிக்கும் நான் இன்றைக்கும் ஏங்குகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சில வருடங்களாக நானும் தம்பியும் கொப்பரை போடுவதில்லை. வியாபாரி தோப்புக்கே வண்டி கொண்டுவந்து காயாகவே ஏற்றிக்கொண்டு போகிறார். மிதிக்க ஆள் இல்லாத களத்தில் முதல் மழைக்கே புல் வந்துவிட்டது. வெள்ளாடு மேய்க்க வந்துகொண்டிருந்த ஊர்க்கார அம்மா ஒருவர் ஆடுகளை விற்றுவிட்டு, வேன் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். தோளில் மாட்டி வெட்டுகிற மெஷினோடு ஒருவர் வந்தார். இரண்டாவது தடவை வெட்டும்போது ஒரு கல் பறந்து தம்பியின் கார் கண்ணாடியை உடைத்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருந்தாலும் அவர் அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. களைக்கொல்லி அடிக்கத் தம்பி சம்மதிக்கவில்லை. பூச்சி புழுவெல்லாம் என்ன பாவம் செய்தது என்பான்.

ஆக, புல் முழங்காலைத் தாண்டியது. ஒரு நாள் என் மனைவி புல்லுக்குள் விரியன் உரித்த சட்டையைப் பார்த்துவிட்டாள். அன்றோடு இரண்டு சமையலறைக்கும் நடுவே எங்கள் கால்களே போட்டுவைத்த ஒற்றையடித் தடத்தில் நடப்பது நின்றது. எட்டி நடந்தால் எழுபது காலடி தூரம். அதைக் கடக்கத் தம்பி மனைவி குழம்புக் கிண்ணத்தைப் பையில் வைத்து, ஸ்கூட்டியில் ஏறி, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவாள். முதல் நாள் சிரித்தோம். பிறகு பழகிவிட்டது, பிறகு கிண்ணம் வருவதும் குறைந்தது.

இந்த நேரத்தில்தான் சுவர்ப் பேச்சு வந்தது.

மனைவிக்கு இடுப்பு வலி. வாசல்படியை உடைத்துச் சரிவாகக் கட்டலாம் என்று ஒரு கொத்தனாரை வரச்சொல்லியிருந்தேன். அவர் படியை அளந்துவிட்டு, டேப் கையில் இருக்கிற ஜோரில் களத்தின் ஓரமாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நடுவுல செவுரு எடுத்தா ஒரு எறநூறு அடி வருமுங்க" என்று அவராகவே சொன்னார். கொத்தனார் கண்ணுக்கு உலகமே சுவர்தானே என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி வந்தாள். என்னென்னமோ பேசிவிட்டுக் கிளம்பும்போது என் மனைவியிடம், "செவுரு ஒண்ணு வந்துட்டா நெம்ப நல்லதுதானுங்க அக்கா. பாம்பு பயமிருக்காது. உங்களுக்கு எப்படியோ அப்படியே செஞ்சுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி அதை என்னிடம் சொன்னபோது சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன். ஓகோ, தம்பிக்குச் சுவர் வேண்டியிருக்கிறது, மூத்தவனிடம் நேரில் கேட்கச் சங்கடப்பட்டுப் பெண்டாட்டி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் பக்கத்து மரியாதை அப்படிக் கேட்க விடாது. எதிராளி மனம் நோகக் கூடாது என்று எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' போடுவோம், கேட்க வேண்டியதை மட்டும் கேட்க மாட்டோம். "நமக்கொண்ணும் ஆட்சேபனை இல்லைன்னு சொல்லிடு அம்மணி" என்றேன். அவளும் சொல்லிவிட்டாள். ஆடி கழிந்து ஆவணியில் அஸ்திவாரம் என்று பேச்சு முடிந்தது. அப்படித்தான் ஒரு சுவர் ஏறக்குறைய வந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி பாதியில் தம்பி ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவன் நடை கொஞ்சம் சாய்வு. வாசலிலேயே நின்றான்.

"ஏனுங்ணா, ஒக்காந்து ஓட்டிப் புல்லு வெட்டற வண்டி கோயமுத்தூர்ல வந்திருக்குதாமாங்க. ஆடித் தள்ளுபடியும் இருக்குதாமா. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தர்லாமுங்களா?"

அவன் பாதிக்கு அவன் வண்டி வாங்குகிறான், துணைக்கு என்னைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். என் பாதிக்கு நானும் சின்னதாக ஏதாவது, தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கார் பொள்ளாச்சியைத் தாண்டிக் கிணத்துக்கடவு வரும்வரை தேங்காய் விலை, அவன் மருமகளின் பிரசவம், அமராவதி அணையில் தண்ணீர் என்று எல்லாம் பேசினோம். டீ குடிக்க நிறுத்தியபோது அவன் என் டீயில் சர்க்கரை வேண்டாம் என்று நான் சொல்லாமலே சொன்னான். அறுபது வருடத்துப் பழக்கம். இவனுக்கும் எனக்கும் நடுவிலா சுவர் என்று நினைத்தேன். அப்போதும் கேட்கவில்லை.

கடையில் எங்களைக் கவனித்தது நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா. தெற்கத்திப் பேச்சு. வளைத்துப் பேசுகிற வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை. இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று சின்னது, ஒடுங்கிய இடத்துக்கு. இன்னொன்று அகலமானது. ஒரே ஓட்டத்தில் மூன்றரை அடி அகலத்துக்கு வெட்டுமாம், ஆனால் திரும்புவதற்கு நல்ல இடம் வேண்டுமாம். தம்பி கீழே உட்கார முடியாத காலோடு குனிந்து, கத்தியைத் தட்டிப் பார்த்தான், மட்டை விழுந்து கிடந்தால் சிக்குமா, கல் பறக்குமா என்று கேட்டான். பிறகு பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். கொப்பரை திருடித் தின்ற முகம் அப்படியே திரும்பி வந்திருந்தது. நான் சின்ன வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, இதை என் வீட்டில் எங்கே நிறுத்துவது என்று யோசித்தேன்.

"ரெண்டு பேரும் ஆளுக்கொரு வண்டிகிட்ட நிக்கிறீங்க" என்றார் அந்த அம்மா. "முதல்ல இடம் எவ்வளவுன்னு சொல்லுங்க சார். அதை வச்சுத்தான் வண்டி."

மூத்தவன் என்பதால் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன்.

"எம்பது சென்டுங்க" என்றான் தம்பி, வண்டியில் உட்கார்ந்தபடியே.

"நடுவுல தடை ஏதாவது? வேலி, சுவர்?"

அவன் அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தான். எனக்கு நினைவு தெரிந்து அவன் என்னிடம் நேருக்கு நேராகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"நடுவுல ஒண்ணும் வராதில்லீங்ணா?"

"வராது தம்பி" என்றேன். 

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரியதுக்கே பில் போடச் சொன்னார். விலையைக் கேட்டுத்தான் என் கண் கலங்கியது என்று நினைத்தாரோ என்னவோ, கேட்காமலே தள்ளுபடியை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

திரும்பி வரும்போதுதான் தம்பி எல்லாவற்றையும் சொன்னான். கொத்தனார் டேப்போடு களத்தில் நடந்ததை அவன் தன் வாசலிலிருந்து பார்த்திருக்கிறான். அண்ணன் சுவர் வைக்க ஆசைப்படுகிறார், தங்களிடம் சொல்லத் தயங்குகிறார் என்று முடிவு கட்டி, அண்ணனுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று பெண்டாட்டியை அனுப்பிச் சம்மதம் சொல்லச் சொல்லியிருக்கிறான். "செவுருன்னு பேச்சு வந்ததுல இருந்து தூக்கமே இல்லீங்ணா. அண்ணன் மனசுல என்ன வருத்தமோன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்" என்றான். யாருக்கும் வேண்டாத சுவருக்கு இரண்டு வீடும் ஆளுக்காள் முந்திச் சம்மதம் கொடுத்திருந்தோம். காரை ஓரம் நிறுத்திச் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது, அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வண்டி வந்து ஒரு வருடமாகிறது. வாரத்தில் ஒரு நாள் நான் ஓட்டுகிறேன், ஒரு நாள் அவன். என் மனைவிகூட ஒரு தடவை ஏறி இரண்டு சுற்று வந்தாள், களத்தோரத் தென்னையில் இடித்தாள், இறங்கமாட்டேன் என்றாள். சமையலறைத் தடம் மறுபடி தெரிகிறது. வெட்டின புல்லின் வாசத்துக்கும் கொப்பரை வாசத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பொழுது சாய இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதும், பழைய பேச்செல்லாம் தானாக வருகிறது.

ஒறம்பரை, சொந்தக்காரர் யார் வந்தாலும் தம்பி அவர்களைக் களத்துக்கு அழைத்துவந்து வண்டியைக் காட்டுவான். "கொத்தனாரு அளந்தே போட்டாருங்க. எங்கண்ணன்தான் அவ்வளவு பேருக்கு முன்னாடி, நடுவுல ஒண்ணும் வராதுன்னு ஒரே சொல்லுல நிறுத்திப்போட்டாரு" என்பான். சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். வந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்றைக்கு அந்த அம்மா இடம் எவ்வளவு என்று கேட்டபோது என் நாக்கு நுனியில் இருந்தது நாற்பது சென்ட், என் பாதி மட்டும். தொண்டையைச் செருமாமல் நேரே சொல்லியிருந்தால், தம்பி மறு பேச்சுப் பேசாமல் வண்டியிலிருந்து இறங்கியிருப்பான். அண்ணன் சொல்லிவிட்டார் என்று ஆவணியில் அவனே கல் இறக்கியிருப்பான். இதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.