அன்று நிற்காத சிவப்பு வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். பேய், ஆவி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காபி போடப் போய்விடுவேன். எங்கள் வீட்டுக்கு எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு மட்டும்தான் வரும், வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைக்க நான் விட்டதே கிடையாது. அப்படிப்பட்டவள் சொல்கிறாளே என்பதற்காகவாவது கடைசி வரைக்கும் கேளுங்கள். நம்பாவிட்டால் பரவாயில்லை, பாதி நாள் நானே நம்புவதில்லை.

என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது, நல்ல சிவப்பு, இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் சக்கரம் கண்ணுக்கு நேரே இருக்கும், அவ்வளவு தாழ்வு. என் தாய்மாமா ஆசைப்பட்டு வாங்கி, போர்வை போட்டே வைத்திருந்தார். மகளோடு இருக்க வெளிநாடு கிளம்பும்போது சாவியை என்னிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடு, மழையில் எடுக்கவே எடுக்காதே என்றார். நான் தினமும் எடுத்தேன். பெசன்ட் நகரில் வீடு, மயிலாப்பூரில் டியூஷன். அக்னி நட்சத்திர வெயிலிலும் அதுதான், ஐப்பசி மழையிலும் அதுதான், தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகருக்குப் புடவை வாங்கப் போனாலும் அதுதான். பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏசி கிடையாது, மழை பெய்தால் கூரைத் தையல் வழியாக என் தோளில் சொட்டும். ஆனால் அடையாறு பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது உள்ளங்கைக்குள் ஒரு அதிர்வு வரும் பாருங்கள், எனக்கு ஐம்பத்திரண்டு வயது என்பதே மறந்துபோகும்.

ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் பாஸ்கர்தான் அதற்கு மெக்கானிக். என்னைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னா மேடம் நீ, கண்காட்சில வெக்கிற வண்டிய தக்காளி வாங்க எட்த்துக்கினு போற?"

"ஓடுறதுக்குத்தானே பாஸ்கர் செஞ்சிருக்கான்?"

"ஓடும். தண்ணில ஓடாது. பம்பர் வரைக்கும் தண்ணி வந்துச்சுன்னா அவ்ளோதான், சொல்ட்டேன்."

அவர் சொன்னது சரிதான். அந்தக் கார்த்திகை மாதக் காலையில் எனக்கும் அது தெரியும். முந்தின நாள் மாலை பிடித்த மழை விடவே இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் விடுமுறை, டியூஷனுக்கும் யாரும் வரப்போவதில்லை. டியூஷன் சென்டருக்குள் தண்ணீர் வந்திருக்குமோ என்று பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். உண்மையில் அந்த மழைக்குள் ஓட்டிப் பார்க்கும் ஆசை, வேறொன்றுமில்லை.

தெருமுனை தாண்டியதும் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு நேரே வந்து விழாத குறையாக நின்றார். பின்னால் மூடிக் கிடந்த கடை ஷட்டரில் சாய்ந்தபடி ஒரு பெண், நிறைமாத வயிறு. ஊரூர் குப்பத்தில் படகு வைத்திருக்கிற சேவியர், அவர் மனைவி ஸ்டெல்லா என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

"அக்கா, வலி எட்த்துக்கிச்சுக்கா! ஆம்புலன்சு பாலத்தாண்ட மாட்டிக்கினு கீதாம். ஒரு ஆட்டோக்காரனும் வரமாட்டேங்குறான். கொழந்த குறுக்கால கீது, வலி வந்தா ஒடனே இட்டுக்கினு வரணும்னு டாக்டரம்மா சொல்லிக்கீது."

"எந்த ஆஸ்பத்திரி?"

"மயிலாப்பூர்க்கா."

"ரெண்டு சீட்டுதான் இருக்கு, உங்களுக்கு இடமில்லையே."

"நான் ஓடியாறேன். நீ போ, போயிரு!"

நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும் என்ற பயம். சேவியரே இடது கதவைத் திறந்து, அவளைத் தாங்கலாக உட்கார வைத்து, கதவைச் சாத்தினார். ஸ்டெல்லா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையை இறுக்கி மூடி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அடையாறு சிக்னலுக்கு முன்னாலேயே பெரிய பெரிய வண்டிகள், என் வண்டியைப் போல் இரண்டு மடங்கு உயரமானவை, பானட்டைத் திறந்துபோட்டு நின்றன. தண்ணீர் கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்து என் கணுக்காலைத் தொட்டது, அப்புறம் கெண்டைக்கால். எதிரே வந்த ஒரு லாரி எழுப்பிய அலை பானட்டுக்கு மேல் ஏறி முன்கண்ணாடியில் அறைந்தது, இரண்டு நொடி எனக்கு எதுவுமே தெரியவில்லை. இஞ்சின் காற்று இழுக்கிற வாய் தண்ணீருக்குள் போய்விட்டது, அது எனக்கு நிச்சயம். இனி ஒரு இருமல், அப்புறம் நிசப்தம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், இஞ்சின் ஒரு துளி பிசிறவில்லை! அத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத சுத்தமான சத்தம், ஏதோ காய்ந்த ரோட்டில் விடியற்காலையில் போகிற மாதிரி.

"நிக்காதடா கண்ணு, நிக்காதடா" என்று வண்டியிடம் கெஞ்சிக்கொண்டே இரண்டாவது கியரில் இழுத்தேன்.

ஸ்டெல்லா கண்ணை மூடியபடியே, அவ்வளவு வலியிலும் அமைதியாகச் சொன்னாள்: "நிக்காதுக்கா. நீ ஓட்டு."

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் விளக்கு சுழலச் சாய்ந்து நின்றது. அதை ஒட்டி நான் புகுந்து போனபோது அந்த டிரைவர் வாயைப் பிளந்து பார்த்தார். மந்தைவெளியில் கடைவாசல்களில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பக்கத்தில் ஒருத்தி பிரசவ வலியில் துடிக்கிறாள், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் புல்லரித்துப்போய், சின்னப் பெண் மாதிரி வாய்விட்டுச் சிரித்தேன். அப்படி ஒரு ஓட்டம் என் வாழ்நாளில் ஓட்டியதில்லை, இனி ஓட்டப்போவதும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது. இரண்டு பேர் ஸ்டெல்லாவை இருக்கையிலிருந்து தூக்கினார்கள். அவள் உடம்பு இருக்கையை விட்டு எழும்பிய அந்தக் கணம் இஞ்சின் நின்றது. திணறவில்லை, குலுங்கவில்லை, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர இஞ்சின் பற்றவே இல்லை.

பாஸ்கருக்குப் போன் செய்தேன், மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்ததும் வந்து சேர்ந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்திருப்பார் போல. பானட்டைத் திறந்து, ஒரு கறுப்பு மூடியைக் கழற்றியவர், திட்டுவதை நிறுத்திவிட்டார்.

"மேடம், ரோட்டர் எங்க?"

ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. அதுதான் உள்ளே சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. அது இல்லாவிட்டால் பெட்ரோல் இருந்தும் பிரயோஜனமில்லை, ஒரு பொறிகூட வராது. அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"யாராவது கழட்டியிருப்பாங்களோ?"

"மூடி மேல கிளிப் போட்டது போட்ட மாதிரியே இருந்துச்சு. நீ இங்கியேதான இருந்த?"

"இங்கேயேதான் இருந்தேன்."

"அப்ப எப்டி வந்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம், வேறு ரோட்டர் கிடைக்காமல் நாங்கள் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தபோது, சேவியர் இடுப்பு வரை சேறும் வாயெல்லாம் பல்லுமாக ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஓடி வந்தார். பெண் குழந்தை, தாயும் நலம், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் கஷ்டம் என்றாராம் டாக்டர். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார்.

"அக்கா, இது உன் வண்டியோடதா பாரு. கைய தொறக்கவே மாட்டேன்னுட்டாளாம், மயக்க ஊசி போட்ட பொறவுதான் நர்ஸம்மா விரல பிரிச்சு எட்த்துச்சாம்."

கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு. பித்தளைத் தகடு.

பாஸ்கர் கையை நீட்டினார். வாங்கினார், துடைத்தார், பொருத்தினார். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு என்னிடம் கூலி வாங்க மறுத்துவிட்டார், டீ வாங்கிக் கொடுத்தேன், இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் குடித்தோம்.

ஸ்டெல்லாவிடம் கேட்க எனக்கு மூன்று மாதம் ஆனது. ஒருநாள் குப்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய், குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அந்தத் துண்டு உன் கைக்கு எப்படி வந்தது?

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீதானக்கா குடுத்த? நான் குந்துனதும், 'இத்த கெட்டியா புடிச்சிக்கோ, விட்டுட்டா வண்டி நின்னுடும்'னு சொன்னியே!"

நான் சேவியரைப் பார்த்தேன். கதவைச் சாத்தியவர் அவர்தான். இல்லை என்று தலையாட்டினார், அவர் அங்கே வேறு யாரையும் பார்க்கவில்லை.

"எங்கே நின்னு குடுத்தேன்?" என்றேன்.

இப்போதும் நான் தினமும் அதே வண்டியில்தான் போகிறேன், மழையிலும்தான். ஆனால் மழை நாளில் இடது பக்க ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் அன்று ஸ்டெல்லா சொன்ன பதில்தான்.

"என் பக்கத்து கதவாண்ட நின்னு, குனிஞ்சு குடுத்த. தலயெல்லாம் சொட்டச் சொட்ட நனஞ்சிருந்துச்சு. வாங்கிக்கினு திரும்பிப் பாக்குறேன், நீ ஸ்டீரிங்ல குந்திக்கினு கீற. எனக்கு இன்னிக்கும் புரியல, அதுக்குள்ள எப்டிக்கா சுத்தி வந்த?"