எந்தக் கடிதத்துக்கு அதிகம் வந்தது

தொண்ணூறுகளில் பாபநாசம் பக்கம், காது கேளாத குழந்தைகளின் விடுதிப் பள்ளி ஒன்றில் நன்கொடை திரட்டும் வேலை பார்த்தேன். எங்கள் வட்டாரத்து ஆட்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகத் தொடங்கியிருந்த காலம். அவர்களுடைய விலாசங்களைக் கோயில்களில் கேட்டு வாங்கிக் கடிதம் அனுப்புவேன். பணம் போதவில்லை. நிர்வாகியான பாதிரியார், "எந்த மாதிரி எழுதினா குடுக்குறாங்கன்னு அளந்து பாருங்க" என்றார்.

இரண்டு கடிதங்கள் தயாரித்தேன். ஒன்றில், பிள்ளைகள் கைச்சாடையில் பேசிச் சிரிக்கும் படம். இன்னொன்றுக்கு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்தேன். தேய்த்த சீருடையில் வந்தாள். அது எடுபடாது என்று, பழந்துணி மூட்டையிலிருந்து கிழிந்த கவுன் ஒன்றைப் போடச் சொன்னேன். தன் சீருடையைத் தொட்டுக் காட்டி, இது நன்றாகத்தானே இருக்கிறது என்று கையால் கேட்டாள். புரியாதவன்போல் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தேன். படத்தின் கீழே, 'இவளுக்கென்று யாருமில்லை' என்று எழுதினேன்.

அவளுடைய அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். மாதம் தவறாமல் பணம் அனுப்புவார். அனுப்ப வேண்டிய பட்டியலிலிருந்து அவர் பெயரை மட்டும் அடித்துவிட்டேன்.

பதில் படிவங்களின் மூலையில் அடையாளம் போட்டிருந்ததால், எது எந்தக் கடிதத்துக்கு வந்தது என்று பிரிக்க முடிந்தது. கிழிந்த கவுனுக்கே மிக அதிகம். கூட்டத்தில் பாதிரியார் என்னைப் பாராட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தக் கோடை விடுமுறைக்கு அவளை ஊருக்கு அழைத்துப்போக அவளுடைய அப்பா வந்தார். கருத்து மெலிந்த மனிதர். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நீங்க எழுதினதுங்களா சார்?"

"ஆமாங்க."

"எங்க ரூமுக்கு வந்துச்சு. கூட இருக்கிறவரு பேருக்கு. பாவம் யாரு பெத்த புள்ளையோன்னு ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டாங்க." கடிதத்தின் மடிப்பை விரலால் நீவினார். "நானும் போட்டேன் சார். என் பொண்ணுன்னு சொல்லல. எப்படிச் சொல்றது?"

வேறு யாருடைய கடிதமோபோல அதைப் பார்த்தபடி, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "அந்தக் கவுன் அவளோடது இல்லீங்க. நான் நல்லாத்தான் வாங்கிக் குடுக்குறேன்" என்றார். அதை மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு மகளைப் பார்க்க விடுதிப் பக்கம் போய்விட்டார்.

மிச்சமிருந்த பிரதிகளைக் கிழித்துப் போட்டேன். சிரிக்கும் படத்தை மட்டும் வைத்துச் சில மாதங்கள் ஓட்டினேன். வரவு பாதியாகக் குறைந்தது. சமையலறைக்கு அரிசி வாங்கவே இழுபறியானது. பாதிரியார் என்னவென்று கேட்டார். நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் மறுபடியும் ஒரு குழந்தையைப் படம் எடுத்தேன். இந்த முறை, அப்பா இல்லாத குழந்தையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.