முன்பே சூடாக்கிய எஞ்சின்

1. படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் ஒன்றை இழுத்துப் போக, விலைக்கு வந்த பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றைப் பார்க்க மந்தைவெளிக்குப் போனேன்.
2. ஓட்டிப் பார்த்ததில் நான்கு சக்கரமும் நன்றாக இழுத்தன. அடியில் துரு இல்லை.
3. ஆனால் நான் போவதற்கு முன்பே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் புகை வாசனையில் சித்தப்பாவின் அசோக் நகர் வீடு நினைவில் வந்து நின்றது. அவருடைய டீசல் வேன் காலையில் லேசில் கிளம்பாது. லுங்கியோடு தெருவே வந்து தள்ளும். அதை விற்ற அன்று மட்டும், காபிக்கு முன்பே கிளப்பி ஓடவிட்டிருந்தார். சன்னல் கம்பிகள் அதிர்ந்தன.

"ஆளே இன்னும் வரல, எதுக்கு இப்படிப் புகையைக் கிளப்புறீங்க?" என்றாள் சித்தி.

"சூட்டோட இருந்தா தொட்டதும் கிளம்பும். நீ போய்க் கேசரி கிண்டு."

வாங்க வந்தவர் கேசரி சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாக ஓட்டிப் போனார்.

"அணைச்சிடுங்க சார். நாளைக்குக் காலையில வர்றேன். நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க," என்றேன் பிக்கப்காரரிடம்.

"இன்னா மேடம், நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்கு. வண்டி மேலதான் இன்னும் வரல."

மறுநாள் அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி இருமியதே தவிர கிளம்பவில்லை. "பனி மேடம்," என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

அதை நான் வாங்கவில்லை. அடையாறில் இன்னொன்று இருக்கிறதாம். நான் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.